நீல இன்ஹேலர் மட்டும் போதாது என்று யாரும் சொல்லவில்லை

ஆஸ்துமாவுக்கு என்று உங்கள் கையில் இருப்பது ஒரு நீல இன்ஹேலர் மட்டும்தான், வேறு மருந்தே இல்லை என்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். "மூச்சு வாங்கும்போது ரெண்டு பஃப் எடுத்துக்குங்க, சரியாயிடும்" என்றார்கள். சரியாகவும் ஆனது. சிக்கலே அங்கேதான். எடுத்த ஐந்து நிமிடத்தில் நெஞ்சை லேசாக்கிவிடும் மருந்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்? இரண்டு வருடத்துக்கு மேல் அதை வைத்தே ஓட்டினேன். ஒரு நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் விழுந்த பிறகுதான், அந்தச் சிகிச்சை முறையையே உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019-லேயே கைவிட்டுவிட்டது என்று தெரிய வந்தது. 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மருந்துச் சீட்டு எழுதப்பட்டது அதற்குப் பிறகு.

ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு சளிக் காய்ச்சல் வந்து போனது, இருமல் மட்டும் போகவில்லை. பகலில் ஒன்றும் இருக்காது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுப்பிவிடும். வறட்டு இருமல், கூடவே நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கினாற்போல ஒரு பிடிப்பு. முதலில் பார்த்த மருத்துவர் இருமல் சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். கேட்கவில்லை என்றதும் வேறு ஆன்டிபயாடிக். அப்புறம் எக்ஸ்ரே. அதில் ஒன்றுமில்லை, "அலர்ஜியா இருக்கும்" என்றார்கள். இப்படியே மாதங்கள் போயின. ஆஸ்துமா எக்ஸ்ரேயில் தெரியாது. பெரும்பாலானவர்களுக்குப் படம் சுத்தமாகத்தான் வரும். வேறு நோய் ஏதும் இல்லை என்று பார்க்க எக்ஸ்ரே உதவும், அவ்வளவுதான். அப்போது நான் கேட்டிருக்க வேண்டிய பரிசோதனை ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லி, முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று அளப்பார்கள். பிறகு மருந்து கொடுத்துவிட்டு மறுபடியும் ஊதச் சொல்வார்கள். அந்த அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. அப்படி ஒரு சோதனை இருப்பதே எனக்குத் தெரியாது, எழுதிக் கொடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் வேறொரு மருத்துவர் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்டார், 'விசில்' சத்தம் இருக்கிறது என்றார், நீல இன்ஹேலரை எழுதினார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அப்போது அது பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது, ஒரு பெயராவது கிடைத்ததே என்று. ஆனால் அளந்து பார்க்காமல் பெயர் வைப்பது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கனடாவில், ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லியிருந்த 613 பெரியவர்களைத் திரும்ப ஒழுங்காகப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்கு அப்போது ஆஸ்துமாவே இல்லை. 2017-ல் வெளிவந்த ஆய்வு இது. சிலருக்கு இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது, இன்ஹேலரை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஸ்பைரோமெட்ரி செய்தால் எல்லாம் சரியாகவே வரலாம், அதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதனால் தொந்தரவு இருக்கும் நாளிலேயே போய் ஊதப் பாருங்கள். சோதனைக்கு எத்தனை மணி நேரம் முன்பிருந்து இன்ஹேலர் எடுக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து ஊதியது வீண். அதுவும் கிடைக்காத இடத்தில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று, ஊதும் காற்றின் வேகத்தை அளக்கும் கையடக்கமான பிளாஸ்டிக் கருவி இருக்கிறது. காலையும் மாலையும் ஊதி இரண்டு வாரம் எழுதி வைத்தால், அந்த ஏற்ற இறக்கமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இன்ஹேலர் வந்த பிறகு வாழ்க்கை ஒரு மாதிரி சமாளிக்கும்படி ஆனது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை என்று இருந்தது, படிப்படியாகத் தினமும் என்றானது. அப்புறம் இரவில் தலையணைக்கு அடியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, அலுவலக மேசையில் ஒன்று. மருந்துக்கடையில் கேள்வி கேட்காமலே கொடுத்தார்கள். நானும் அதை ஒரு பிரச்சினையாகவே பார்க்கவில்லை, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன். நடந்துகொண்டிருந்தது வேறு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. அது தவிர, குழாயின் உள்சுவர் வீங்கிச் சளி சேர்ந்து அழற்சியில் இருக்கிறது. நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும். அழற்சியைத் தொடாது. போதாக்குறைக்கு, அதைத் தினமும் எடுக்க எடுக்க மூச்சுக்குழாய் தூசிக்கும் குளிருக்கும் முன்பைவிட அதிகமாகச் சிலிர்த்துக்கொள்ளும். இறுக்கத்தைத் தளர்த்தினால் மட்டும் போதாது என்பதற்கு 2024-ல் இன்னொரு காரணமும் தெரிய வந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜோடி ரோசன்பிளாட் குழு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. குழாய் இறுகும் அந்த நேரத்தில் உள்சுவரின் செல்கள் நெரிசலில் நசுங்கிப் பிதுங்கி உதிர்கின்றன, அந்த இடம் புண்ணாகிறது, அழற்சி மறுபடி தொடங்குகிறது. அதாவது ஒவ்வொரு மூச்சுத் திணறலும் அடுத்த திணறலுக்கு வழி செய்து வைக்கிறது. எனக்கு ஏன் வாரத்துக்கு வாரம் மோசமானது என்ற கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பதில் வேறு எங்கும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் பணம் எங்கெல்லாம் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூசிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னதால், பூச்சி புகாத மெத்தை உறை வாங்கினேன், காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினேன். காற்று வறண்டிருப்பதால் இருமல் என்று யாரோ சொல்ல, ஈரப்பதமூட்டும் கருவி ஒன்றும் வந்து சேர்ந்தது. தூசிப் பூச்சிகளுக்கு ஈரம்தான் பிடிக்கும் என்பது பிறகு தெரிந்தது. நானே காசு கொடுத்து அவற்றுக்குச் சௌகரியம் செய்து கொடுத்திருக்கிறேன். மெத்தை உறை போன்ற தூசிப் பூச்சித் தடுப்புகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2008-லேயே, அவற்றால் ஆஸ்துமாவில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. இவை எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல், பக்கம் பக்கமாக உணவுப் பெயர்களோடு வந்த ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை. அதை நம்பிப் பிடித்ததையெல்லாம் விட்டு மாதக்கணக்கில் இளைத்ததுதான் மிச்சம். ஒரு உணவை நம் உடல் பழகியிருக்கிறது என்பதைத்தான் ஐஜிஜி காட்டும், அது அலர்ஜியைக் காட்டாது. ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன. அலர்ஜி பார்க்க வேண்டுமென்றால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை அல்லது அலர்ஜியோடு தொடர்புடைய ஐஜிஇ புரதத்துக்கான ரத்தச் சோதனை, அதுவும் மருத்துவர் கேட்டால் மட்டும். இந்தச் செலவுகளில் கால்வாசிக்குச் சரியான இன்ஹேலர் ஒரு வருடத்துக்கு வந்திருக்கும். வேலைக்குப் போகாத நாட்களும் தூங்காமல் போய் அரைகுறையாகப் பார்த்த நாட்களும் தனிக் கணக்கு. ஒரு பதவி உயர்வு நேர்காணலை இருமிக்கொண்டே முடித்தேன். கிடைக்கவில்லை.

அந்த இரவுக்கு வருகிறேன். அப்போது நான் தனியாக இருந்தேன். இரண்டு நாளாகச் சளி. மாலையிலிருந்தே நீல இன்ஹேலர் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. எடுப்பது, கொஞ்சம் குறைவது, மறுபடி எடுப்பது. நள்ளிரவு தாண்டியதும் படுக்க முடியாமல் நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். தோள்பட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. திடீரென்று விசில் சத்தம் குறைந்தது. பரவாயில்லை, குறைகிறது என்று நினைத்தேன். இதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மூச்சுத் திணறல் அப்படியே இருக்கும்போது சத்தம் மட்டும் அடங்கினால் அது நல்ல செய்தி அல்ல. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள். ஆம்புலன்ஸை அழைத்தபோது ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தைதான் வந்தது. எதிர்முனையில் இருந்த பெண் நிதானமாக, "முகவரி மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டீங்களா, சரி, இனிமே பேச வேண்டாம். கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வெச்சிட்டு நிமிர்ந்து உட்காருங்க" என்றார். தாழ்ப்பாள் பற்றி எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடோ நகமோ நீலம் பாய்கிறது, இன்ஹேலர் எடுத்தும் தணியவில்லை அல்லது தணிந்தது உடனே திரும்பி வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயமாக இருந்ததா என்று பிறகு கேட்டவர்களிடம் இல்லை என்றேன். பொய். அவ்வளவு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மருத்துவமனையில் ஆக்சிஜன், நெபுலைசர், ஸ்டீராய்டு எல்லாம் கொடுத்து மூச்சு திரும்பிய பிறகு, பணியில் இருந்த செவிலியர் என் கைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்துக் குலுக்கிக் காற்றில் ஒரு முறை அழுத்தினார். புஸ்ஸென்று புகை வந்தது. "இதுல மருந்து தீர்ந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும், வர்றது வெறும் காஸ்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே இருக்கும் உந்துவாயு கொஞ்ச காலம் வந்துகொண்டே இருக்கும். சத்தமும் புகையும் அதேபோல இருக்கும். எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால், மேலே எழுதியிருக்கும் பஃப் எண்ணிக்கையைப் பார்த்து, பெரும்பாலும் அது 200, தொடங்கிய தேதியை அதிலேயே எழுதி வையுங்கள். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது, வாய் அடைத்துக்கொள்ளும். அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என் சிகிச்சையையே மாற்றியது. "வருஷத்துக்கு இது எத்தனை வாங்குவீங்க?" எண்ணத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டேன். வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்தாலே கடும் தாக்குதலுக்கான வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டுக்குப் போனால் உயிருக்கான ஆபத்து கூடுகிறது. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் மருந்துக் கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு வருடத்தில் பன்னிரண்டுக்கும் அதிகமான நீல இன்ஹேலர்கள் எழுதப்பட்டிருந்தன. லேசான ஆஸ்துமாதானே என்ற பேச்சுக்கும் அந்த அறிக்கையில் இடமில்லை. இறந்தவர்களில் லேசானது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தந்தார்கள். அது உயிர் காக்கும் மருந்து, நடுவில் நிறுத்தக் கூடாது. ஆனால் தூக்கம் போனது, பசி அடங்கவில்லை, காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. இந்த மாத்திரை வாழ்நாளில் நான்கைந்து முறை எடுத்தாலே மொத்தத்தில் கணக்கேறி சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானம், கண்புரை ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்ஹேலரில் ஸ்டீராய்டு என்றதும் நம்மில் பலர் பின்வாங்குகிறோம், நுரையீரல் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து நானும் அதைத்தான் கேட்டேன். அவர் ஒரு காகிதத்தில் இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். மாத்திரையில் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் குறைந்த அளவு என்பது ஒரு நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம், அதுவும் நேராக நுரையீரலுக்கு. வேறு வேறு மருந்துகள், ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பார்க்க முடியாது என்று அவரே சொன்னார். ஆனாலும் சிறிய ஸ்டீராய்டுக்குப் பயந்து பெரிய ஸ்டீராய்டில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது.

அன்றுதான் முதல் முறையாக ஸ்பைரோமெட்ரி செய்தார்கள். மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் ஒரு சோதனையும், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் பார்த்தார்கள். இரண்டும் கூடுதலாக இருந்தால் ஸ்டீராய்டுக்கு அடங்கும் வகை அழற்சி என்று அர்த்தம். எனக்கு இரண்டுமே கூடுதல். நீலத்தை எடுத்துவிட்டு, புடசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோடெரால் என்ற தளர்த்தும் மருந்தும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைக் கொடுத்தார். தினமும் எடுக்க வேண்டும், மூச்சு வாங்கினால் கூடுதலாகவும் அதையே எடுக்க வேண்டும். ஃபார்மோடெரால் சில நிமிடங்களிலேயே குழாயைத் திறக்கும், ஸ்டீராய்டு கூடவே போய் அழற்சியை அடக்கும். எப்போதெல்லாம் தொந்தரவு கூடுகிறதோ அப்போதெல்லாம் நமக்குத் தெரியாமலே சிகிச்சையும் கூடிவிடுகிறது. லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தினசரி வேண்டாம், தேவைப்படும்போது மட்டும் இதை எடுத்தால் போதும் என்பது 2018-ல் வந்த சிக்மா ஆய்வுகளின் முடிவு. நீல இன்ஹேலர் போன்ற, தசையைத் தளர்த்தும் மருந்தை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் கடும் தாக்குதல்கள் 64 சதவீதம் குறைந்திருந்தன. 2019-ல் நியூசிலாந்தின் ரிச்சர்ட் பீஸ்லி குழுவினர், நிஜ வாழ்க்கையில் மருந்து எடுப்பதைப் போலவே விட்டுப் பார்த்தும் அதே பக்கம்தான் முடிவு சாய்ந்தது. அந்த நாட்டுக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் ஃபெனோடெரால் என்ற தளர்த்தி இன்ஹேலரோடு தொடர்புடைய ஆஸ்துமா மரணங்கள் அங்கே அலையாக வந்தன. அதை 1989-ல் வெளிக்கொண்டு வந்தவர்களில் பீஸ்லியும் ஒருவர். சால்பியூட்டமாலையும் ஸ்டீராய்டையும் ஒன்றாக வைத்த இன்ஹேலர் ஒன்றும் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் அதைச் சோதித்த பட்டூரா ஆய்வு, பலன் தெளிவாகத் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2025-ல் வெளியான முடிவில் கடும் தாக்குதல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மருந்து சேர்ந்த இன்ஹேலர் எல்லாமே இப்படி அவசரத்துக்கு எடுக்கக் கூடியவை அல்ல. சால்மெடெரால் சேர்ந்தது மெதுவாக வேலை செய்யும், அதை மூச்சு முட்டும்போது கூடுதலாக எடுக்கக் கூடாது. உங்கள் டப்பாவில் ஃபார்மோடெரால் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை பஃப் என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஆஸ்துமாவுக்கு மான்டெலுகாஸ்ட் என்ற மாத்திரை கொடுத்திருந்தால் மனநிலையில் மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் ஏதும் வருகிறதா என்று கவனியுங்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-ல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூட மூச்சுக்குழாயை இறுக்கலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமா இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

இன்ஹேலரை எடுக்கும் விதம் பற்றி ஒரு முழு இரவு பேசலாம். அந்த மருத்துவமனையில் ஒரு பெண், "எனக்கு முன்னாடி ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க" என்றார். எடுத்தேன். அவர் சிரிக்காமல், "பாதி மருந்து நாக்குல இருக்கு" என்றார். இத்தனை காலத்தில் என்னை எடுத்துக் காட்டச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அழுத்தும் வகை என்றால் நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கியதும் அழுத்த வேண்டும். இழுப்பை நிறுத்தாமல் நான்கைந்து நொடி தொடர வேண்டும். பத்து நொடி வரை அடக்கி வைத்து விட வேண்டும். அடுத்த பஃப்புக்கு மறுபடி குலுக்கி எல்லாம் முதலிலிருந்து. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலை மாட்டிக்கொண்டால் இந்த நேரக் கணக்கு பாதி லேசாகிவிடும். அது குழந்தைகளுக்கு மட்டும் என்பது சும்மா பேச்சு. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காய விட வேண்டும், துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பொடி வகை இன்ஹேலருக்கு நேர் எதிர்: குலுக்கக் கூடாது, வேகமாகப் பலமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண்ணும் குரல் கம்மலும் வருவது குறையும். இதைச் சரி செய்த பிறகு, அதே மருந்திலேயே எனக்குத் தெரிந்த வித்தியாசம் கொஞ்ச நஞ்சமல்ல. மூச்சுப் பயிற்சியும் செய்து பார்த்தேன். பதற்றம் குறைந்தது, நாள் நன்றாகப் போனது, ஆனால் பீக் ஃப்ளோ எண் அசையவில்லை. 2018-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வும் அதையேதான் சொல்கிறது: வாழ்க்கைத் தரம் கூடும், நுரையீரல் அளவு மாறாது. மருந்தோடு சேர்த்துச் செய்யுங்கள், மருந்துக்குப் பதிலாக அல்ல.

காத்திருக்கும் அறையில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உயிரியல் ஊசி போட வந்திருந்தார். அதிக அளவு இன்ஹேலருக்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கு இன்று இப்படிப் பல ஊசிகள் இருக்கின்றன. 2003-ல் ஒமலிசுமாப் தொடங்கி, மெபோலிசுமாப், பென்ராலிசுமாப், டுபிலுமாப், டெசெபெலுமாப் என்று வரிசையாக வந்தன. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே பென்ராலிசுமாப் ஊசியைக் கொடுத்துப் பார்த்த ஆப்ரா ஆய்வு 2024-ல் வந்தது. ஈசினோஃபில் கூடுதலாக இருப்பவர்களுக்கு அது ஸ்டீராய்டு மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அதே வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மட்டும் போடும் டெபெமோகிமாப் ஊசி தாக்குதல்களைப் பாதிக்கு மேல் குறைத்ததாகவும் முடிவுகள் வந்தன. விலை அதிகம், எல்லோருக்கும் தேவையும் இல்லை. எடுக்கும் முறையைச் சரி பார்க்காமலே ஊசிக்குத் தாவிவிட வேண்டாம் என்று அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது என் தங்கை கருவுற்றிருந்தாள். "பிள்ளைக்கும் வந்துடுமோக்கா?" என்று கேட்டாள். அதனால் தடுப்பு பற்றியும் தேடிப் படித்தேன். மீன் எண்ணெய் பற்றி டென்மார்க்கில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது, 2016-ல் வந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அதிக அளவில் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் இளைப்பு அல்லது ஆஸ்துமா 16.9 சதவீதம், எடுக்காதவர்களின் குழந்தைகளில் 23.7. ஆனால் மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் குறைவாக இருந்த தாய்மார்களுக்குத்தான் பெரும் பலன். அவளை மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதே என்றேன். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வும் அதே வருடம். ஒரே மாதிரி மரபு, ஒரே மாதிரி வாழ்க்கை, ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா ஆமிஷ்களில் 5.2 சதவீதம், ஹட்டரைட்களில் 21.3. ஆமிஷ் பிள்ளைகள் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே வளர்கிறார்கள், மற்றவர்கள் இயந்திரப் பண்ணையில். அதற்காகக் கொட்டிலுக்குக் குடி போக முடியாது. நம்மால் உறுதியாகச் செய்யக் கூடியது புகைதான்: வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்வது. பொது இடங்களில் புகைக்கத் தடை வந்த நாடுகளில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் சுமார் 10 சதவீதம் குறைந்தார்கள் என்று 2014-ல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. வாகனப் புகை நம் கையில் இல்லை. அதிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடால் வருடந்தோறும் சுமார் 40 லட்சம் குழந்தைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வருகிறது என்பது 2019-ல் வந்த மதிப்பீடு. தங்கையிடம் இதைச் சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-ல் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது, அந்த ஒரு வருடத்தில் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலான மரணங்கள் வருமானம் குறைந்த நாடுகளில், நோய் கண்டறியப்படாமலும் சரியான இன்ஹேலர் எட்டாமலும். எட்டும் இடத்தில் இருந்துகொண்டே எனக்கு அது வந்து சேரவில்லை என்பதுதான் இன்னும் ஆறாத கோபம். அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். முதலில் நீல இன்ஹேலர் எழுதிய இடத்துக்குப் போய், இனி வருகிறவர்களிடம் வருடத்துக்கு எத்தனை வாங்குகிறீர்கள் என்றாவது கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

இப்போது என்னிடம் ஒரு பக்கத்தில் எழுதிய திட்டம் இருக்கிறது. பீக் ஃப்ளோ இந்த அளவுக்கு மேல் இருந்தால் வழக்கம்போல, இதற்குக் கீழே போனால் மருந்தை இப்படிக் கூட்டு, இதற்கும் கீழே போனால் யாருக்கும் காத்திருக்காமல் மருத்துவமனை. இதை மருத்துவரிடம் கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது. பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு நகல் இருக்கிறது. போன முறை மருத்துவரிடம் போனபோது, மூன்று மாதமாக இரவில் எழவில்லை, மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அளவைக் குறைத்துப் பார்க்கலாம், சளி சீசன் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆனால் ஸ்டீராய்டை முழுவதும் நிறுத்தினால் தாக்குதல் திரும்ப வரும் வாய்ப்பு கூடும் என்றார். அதனால் இப்போது தினமும் இரண்டு பஃப் என்றிருந்தது ஒன்றாகியிருக்கிறது. அடுத்த பரிசோதனை வரை எண்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.